பெரியம்மாவின் கொட்டானில் இருந்த உயில்

பெரியம்மாவை அடக்கம் செய்த ஏழாம் நாள், அவருடைய அலமாரி மேல்தட்டில் இருந்த பனையோலைக் கொட்டானைத் திறந்தேன். ஒரு ஜெபமாலை, பெரியப்பாவின் கண்ணாடி, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த நாளின் அடையாள அட்டை, அடியில் நான்காக மடித்த கோடு போட்ட தாள். உயில். 2020 அக்டோபரில் அவரே கைப்பட எழுதியது. அதில் இருந்தது இதுதான்: 'என் வைப்புத்தொகையும், நான் குடியிருக்கும் வீட்டை விற்று வரும் பணமும் எங்கள் மாதா கோயிலுக்கு. அதன் வட்டியில் தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். வருடத்தில் ஒரு நாள் எனக்கும் என் கணவருக்கும் பூசை. கோயில்பிள்ளைக்கு ஐம்பதாயிரம் ரூபாய்.' கோயில்பிள்ளை என்றால் கோயில் வேலைகளைப் பார்த்துக்கொண்டு பூசைக்கு உதவுபவர். கீழே கையெழுத்து, அதற்கும் கீழே இரண்டு சாட்சிகள்.

படித்துவிட்டு அழுதேன். எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார் என்று வியக்கவும் செய்தேன். அந்த ஐந்தாறு வரிகளில் வரிக்கு ஒரு பள்ளம் இருந்தது என்பது முழுதாகப் புரிய எனக்கு இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆயிற்று. கையிலிருந்து போனது 1,38,000 ரூபாய். சிவகங்கைக்கு மட்டும் பத்தொன்பது முறை பஸ் ஏறினேன். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே ஒரு சிற்றூர் எங்களுடையது. எங்கள் பங்கின், அதாவது கோயில் வட்டத்தின், பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்களோடுதான் நான் இன்னும் ஞாயிறு பூசையில் உட்கார வேண்டும்.

2021 ஜூனில், கரோனா இரண்டாம் அலையில் பெரியம்மா போனார். பிள்ளை இல்லை. நான் அவருடைய தங்கை மகள், ஓய்வு பெற்ற ஆசிரியை. வங்கியில் இருந்த ஆறு லட்ச ரூபாய் வைப்புத்தொகைக்கு என்னை நாமினியாகப் போட்டிருந்தார். இறப்புச் சான்றிதழும் ஆதாரும் கொடுத்த ஐந்தாவது வாரம் பணம் என் கணக்கில் வந்து நின்றது. இங்கேதான் என் முதல் தவறு. அந்தப் பணம் ஒரு நாள்கூட என்னிடம் தங்கக் கூடாது என்று மனம் அடித்துக்கொண்டது. ஊரில் வாய்கள் சும்மா இருப்பதில்லை. மறுநாளே பங்குத்தந்தையிடம் போய், பங்குக் கணக்கின் பெயரில் ஆறு லட்சத்துக்குக் காசோலை எழுதிக் கொடுத்தேன். "பெரியம்மாவின் ஆசைப்படி வட்டியில் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் சாமி" என்று வாயால் சொன்னேன். அவரும் தலையசைத்தார். ரசீதில் 'நன்கொடை' என்ற ஒரே சொல்தான் இருந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

நான்கு மாதத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவரிடம் கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் போய், நிதி எந்த வங்கியில் இருக்கிறது என்று கேட்டேன். "எந்த நிதி, டீச்சர்?" என்றார். கணக்கு நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கோயில் தளம் ஒழுகியதற்கும் மணிக்கூண்டில் கம்பி மாற்றியதற்கும் 4,20,000 செலவு. மீதி 1,80,000. யாரும் திருடவில்லை, பில்கள் எல்லாம் இருந்தன. மழைக்காலத்தில் தளம் ஒழுகியது எனக்கும் தெரியும், நானே வாளி வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்த நோட்டைப் பார்த்தபோது அடிவயிற்றில் ஏற்பட்ட குளிர்ச்சியை இப்போதும் நினைவு வைத்திருக்கிறேன். பெரியம்மாவின் முப்பத்தொரு வருட இரவுப் பணி சிமென்டாகிவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார். கண்டனூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். நாட்டுக்கோட்டையார் வீடுகளில் கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கும் கட்டளையும் மகமையும் சோறு தண்ணீர் மாதிரி. அவரிடம் புலம்பினேன். அவர் சிரிக்காமல் கேட்டார்: "கட்டளை என்றால் விளக்குக்கு எண்ணெய் எத்தனை ஆழாக்கு, எந்த நாள், யார் ஊற்றுவது, அவர் இல்லாவிட்டால் யார், எல்லாம் எழுதுவோம். நீங்கள் ஆறு லட்சத்தை வாயால் சொல்லிவிட்டா வந்தீர்கள்?" வெட்கமாக இருந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துச் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிலையம் வந்த காரைக்குடிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கொடுப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காசோலையோடு ஒரு கடிதம் கட்டாயம் போக வேண்டும். 'இத்தொகை மூலதன நிதியாக மட்டும் வைக்கப்பட வேண்டும், வட்டியை மட்டும் இன்ன காரியத்துக்குச் செலவிட வேண்டும்' என்று அதில் இருக்க வேண்டும். வருமானவரிக் கணக்கில் இதைக் கார்பஸ் என்கிறார்கள். கொடுப்பவர் அப்படிக் குறிப்பாகச் சொல்லியிருந்தால்தான் அறக்கட்டளையின் புத்தகத்தில் அது தனியாக நிற்கும். இல்லையென்றால் உண்டியல் காசோடு காசு. கடிதத்தின் நகலில் முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விஷயம் எனக்கு ஆயர் (பிஷப்) இல்லத்தில்தான் தெரிய வந்தது. அங்கே பொருளாளராக இருந்த குருவானவர் பொறுமையாகப் பேசினார். பங்குக்குத் தனியாக பான் எண் கிடையாது, சொத்தும் நிதியும் மறைமாவட்டச் சங்கத்தின் பெயரில்தான் என்றார். 'எங்கள் மாதா கோயில்' என்று உயிலில் எழுதினால் அது யாருக்கு? எங்கள் ஊரில் பங்குக் கோயில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் மாதா சிலை வைத்த குகை போன்ற கெபி ஒன்று. இரண்டையும் சனங்கள் மாதா கோயில் என்றுதான் சொல்கிறார்கள். தர்ம காரியத்துக்கு எழுதியதை நீதிமன்றங்கள் பெயர்க் குழப்பத்துக்காகச் சட்டென்று தள்ளிவிடுவதில்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் நீதிமன்றம் வரை போகும் ஆறுதல் யாருக்கு வேண்டும்? உயில் எழுதும் முன்பே பதிவு பெற்ற சங்கத்தின் முழுப் பெயரையும் பான் எண்ணையும் கேட்டு வாங்கி அப்படியே எழுத வேண்டும். தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் என்றால் அங்கே சொத்துகள் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். உங்கள் சபையின் பெயரை மட்டும் எழுதினால் போதாது.

அந்தப் பொருளாளர் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பையும் எடுத்துக் காட்டினார். 1983-இல் வந்த தொகுப்பில் 1299 முதல் 1310 வரையிலான பிரிவுகள் இந்தக் காரியத்துக்கே எழுதியவை. ஒரு பங்கு இப்படிப்பட்ட நிதியை ஏற்க ஆயரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்கிறது 1304. வாய்மொழியாகச் செய்திருந்தாலும் எழுத்தில் கொண்டுவந்து, ஒரு பிரதியை ஆயர் இல்லத்திலும் இன்னொன்றைப் பங்கிலும் வைக்க வேண்டும் என்கிறது 1306. நாற்பது வருடம் பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. 'என்றென்றைக்கும் பூசை' என்று நாம் நினைப்பதும் சரியில்லையாம். இத்தகைய நிதிக்குக் காலவரையறை உண்டு. வருமானம் குறைந்துபோனால் பூசைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பூசை உடைகளும் பாத்திரங்களும் வைக்கும் எங்கள் சக்கிறீஸ்து அறைச் சுவரில் ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்களின் பெயரைப் பொறித்த பழைய சலவைக்கல் ஒன்று இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு ஏழு சதவீத வட்டி என்றாலும் எழுபது ரூபாய்தான். அதில் ஒரு மாலைகூட வராது. அதனால் நான் கடைசியில் போட்ட ஒப்பந்தத்தில், வட்டியில் ஐந்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் மூலதனத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதச் செய்தேன். மொத்த ஓட்டத்திலும் நானாக யோசித்துச் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

இனி வீட்டுக் கதை. ஆத்தங்குடிக் கல் பதித்த சின்ன ஓட்டு வீடு, ஐந்து சென்ட். பெரியப்பா வாங்கியது, அவர் பெயரிலேயே இருந்தது. 2009-இல் அவர் உயில் எழுதாமல் இறந்தார். வீடு முழுவதும் தனக்குத்தான் என்று பெரியம்மா நம்பினார், நாங்களும் நம்பினோம். பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போன அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "பெரியப்பாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா?" உண்டு, ஒரு தம்பி, ஒரு தங்கை. கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. அதன்படி, பிள்ளை இல்லாமல், உயிலும் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்குப் பாதிதான். மறுபாதி கணவரின் இரத்த உறவுகளுக்கு. பன்னிரண்டு வருடம் பெரியம்மா வரி கட்டி, வெள்ளையடித்து, ஓடு மாற்றிய வீட்டில் பாதி அவருடையதே இல்லை. இல்லாததை எப்படி எழுதி வைப்பது? கணவர் இறந்த வருடமே யாராவது இதைச் சொல்லியிருந்தால், அந்த நல்ல மனிதர்களிடம் பேசி, தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கியிருக்கலாம். 2009-இல் அவர்கள் மனமுவந்து கொடுத்திருப்பார்கள். 2022-இல் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கல்யாணச் செலவு வந்துவிட்டது. குற்றம் சொல்ல மாட்டேன். வீடு 22 லட்சத்துக்கு விலை போனது, 11 லட்சம் அந்தப் பக்கம் போனது.

விற்பதற்கு முன்னால் இன்னொரு முட்டுக்கட்டை. உயிலை நிறைவேற்றுபவர் யார் என்று பெரியம்மா எழுதவில்லை. வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2002-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தியக் கிறிஸ்தவர்களின் உயிலுக்குப் புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயம் இல்லை. ஆனால் வீட்டை வாங்க வந்தவர் வங்கிக் கடன் போட்டார், அந்த வங்கி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அசையவில்லை. நிறைவேற்றுபவர் பெயர் இருந்தால்தான் புரோபேட். பெயர் இல்லாததால் உயிலை இணைத்து நிர்வாக உரிமை கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியதாயிற்று. பதினான்கு மாதம். வாய்தா நாளில் காலை ஆறரை மணி பஸ், கையில் தயிர்ச்சோறு, பெரும்பாலான நாள்களில் 'அடுத்த மாதம்' என்ற ஒரு சொல். அதற்கு மட்டும் 74,000 ஆனது. இந்தச் செலவைச் சொத்திலிருந்தே எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று வக்கீல் பலமுறை சொன்னார். நான் எடுக்கவில்லை. சுற்றத்தாரின் பேச்சுக்குப் பயந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், ரசீது வைத்துக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமா பிள்ளைகள் இரண்டு பேருக்கு உயில் பிடிக்கவில்லை. அவர்கள் காட்டிய ஒரு நோட்டரி, தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவை வாசித்தார். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளோ அதைவிட நெருங்கிய உறவோ உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்குச் சொத்து எழுதினால், சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் அதைப் பாதுகாப்பில் ஒப்படைத்திருக்க வேண்டும். பெரியம்மா எழுதியதற்கும் இறந்ததற்கும் இடையே எட்டே மாதம். உயில் செல்லாது, எல்லாருக்கும் பங்கு, உனக்கும்தான் அக்கா, ஏன் முரண்டு பிடிக்கிறாய் என்றார்கள். 'உனக்கும்தான்' என்ற சொல் என்னைக் குத்தியது. பெரியம்மாவின் கையெழுத்து பொய்யாகிவிடுமே என்று இரண்டு வாரம் தூங்கவில்லை. பிறகு மதுரையில் ஒரு வக்கீல் ஐந்தே நிமிடத்தில் முடித்தார். கேரளத்துக் குருவானவர் ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003 ஜூலையிலேயே அந்தப் பிரிவை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்துவிட்டது. பழைய புத்தகத்தைத் தூசி தட்டி என்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு நான் கொடுத்த விலை, பதில் நோட்டீசும் ஆலோசனையும் சேர்த்து 12,000. யாராவது 118 என்று சொன்னால் 2003 என்று சொல்லுங்கள்.

எனக்கு அதிகம் வலித்தது கோயில்பிள்ளை விஷயம்தான். பெரியம்மா கடைசி இரண்டு வருடம் நடக்க முடியாமல் இருந்தபோது, நன்மை (நற்கருணை) கொடுக்கச் சாமியாரைக் கூட்டி வந்ததும், மருந்து வாங்கி வந்ததும் அவர்தான். "நர்ஸம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஐம்பதாயிரம் அவருக்கு எழுதிய கையோடு, அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர் என்பதால் அவரையே ஒரு சாட்சியாகவும் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார் பெரியம்மா. அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு: உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ அந்த உயிலில் கொடுத்தது செல்லாது. உயில் செல்லும், சாட்சியும் செல்லும், அவருக்குக் கொடுத்தது மட்டும் போய்விடும். எங்கள் வக்கீல்கூட இதை முதலில் கவனிக்கவில்லை. அவர் கைக்கு வருவதெல்லாம் செட்டியார் வீட்டு உயில்கள், இந்துக்களுக்கு இந்தப் பிரிவு இல்லை. இதை நான் போய்ச் சொன்னபோது கோயில்பிள்ளை மெழுகுதிரித் தண்டில் வழிந்திருந்த மெழுகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "அதனால் என்னம்மா, கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்" என்றார். என் பென்ஷனிலிருந்து பத்துப் பத்தாயிரமாக ஐந்து தடவை கொடுத்தேன். மூன்றாவது தடவையிலிருந்துதான் வாங்கும்போது முகத்தைப் பார்த்தார்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் இதெல்லாம் கேள்விப்பட்டுத் தன் பங்காக இரண்டு லட்சம் அனுப்புவதாகச் சொன்னான். அவன் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவன். அப்படிப்பட்டவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. அதற்குத் தனிப் பதிவு உள்ள அமைப்பாக இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பங்குக் கணக்கில் நேரே போட்டால் வம்பு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை செய்பவர் அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. பர்மா, மலேயா நாள்களிலிருந்தே கடல் கடந்த காசில் கோயில் கட்டிய சீமை இது. வெளியூரில் உறவு இல்லாத வீடு எங்கள் பக்கம் அரிது, அதனால் எழுதுகிறேன்.

தளத்துக்குப் போன 4,20,000-ஐ என்ன செய்வது? பங்குப் பேரவையில் நின்று பேசினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கூச்சப்பட்டதில்லை. "கோயிலுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாள்" என்று பின் வரிசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. உயிலின் நகலைப் புதிய பங்குத்தந்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். கொடுத்தவரின் விருப்பத்தைக் கவனமாக நிறைவேற்ற வேண்டும் என்று நம் திருச்சபைச் சட்டமே சொல்கிறது என்றார். அதற்குப் பிறகு கூட்டத்தில் சத்தம் இல்லை. ஆண்டுக்கு 1,40,000 வீதம் மூன்று தவணையில் நிதியில் கட்டுவதாகத் தீர்மானம் எழுதினார்கள். முதல் தவணை வந்துவிட்டது. அத்துடன் மீதி இருந்த 1,80,000-உம் வீட்டுப் பணம் 11 லட்சமும் சேர்ந்து 14,20,000. ஆயரின் கையெழுத்தோடு 2024 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. தகப்பன் இல்லாத பிள்ளை என்றால் யார், தேர்ந்தெடுப்பது யார், பள்ளி மூடிப்போனால் என்ன, கணக்கை எந்த மாதம் யாருக்குக் காட்ட வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. ஆச்சியின் எண்ணெய் ஆழாக்குக் கணக்கை மனத்தில் வைத்து எழுதினேன்.

நானும் இப்போது உயில் எழுதிவிட்டேன். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பணம் வரப்போகிற ஒருவரும் சாட்சி இல்லை. நிறைவேற்றுபவர் பெயர் இருக்கிறது, அவர் முடியாவிட்டால் அடுத்தவர் பெயரும் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்போதே ஆயர் இல்லத்தில் காட்டி, ஏற்கிறோம் என்று கடிதம் வாங்கினேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தேன். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்கள் உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி இருக்கிறது. கொட்டான் பத்திரமான இடம்தான், ஆனால் நாங்கள் அதை ஏழாம் நாள் திறந்தது தற்செயல். பழைய ஓலைச் சாமானோடு சேர்த்து வெளியே போட இருந்தோம்.

நிதியின் விவரத்தைக் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. சக்கிறீஸ்து அறைக் கதவுக்குப் பின்னால் தட்டச்சு செய்த தாள் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். பெரியம்மா பெயர், பெரியப்பா பெயர், ஜூன் மாதத்தில் பூசை நாள், தொகை. போன ஜூனில் பூசைக்குப் போனபோது பார்த்தேன். பெரியம்மா பெயரில் மூன்று சுழி ண வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி ன போட்டிருந்தார்கள். நான் சொல்வதற்கு முன்பே கோயில்பிள்ளை கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பின்பக்கத்து ஆணிகளை நெம்பிக்கொண்டிருந்தார். தாளை வெளியே எடுத்து மேசைமேல் விரித்து, சட்டைப் பையிலிருந்த பேனாவால் அந்த எழுத்தில் ஒரு சுழி கூட்டினார். மை காயும்வரை இரண்டு பேரும் நின்றோம்.